கைக்கு வராத சம்பளத்தின் கணக்கு



போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சங்கக் காரியாலயத்தின் கதவைத் திறக்கும்போதே வாசலில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். 32 வருடம் கொழுந்து எடுத்தவர். வயது 57. பேரை வெட்டிக்கொண்டு வேலையிலிருந்து நின்று இரண்டு வருடமாகிறது. ஈ.பி.எப். காசு இன்னும் கைக்கு வரவில்லை. மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பி காட், தோட்ட ஆபிசில் கொடுத்த கடிதம், இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம்.

ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, எல்லாத்துலயும் நான்தான் இருக்கேன். ஆனா ரெண்டுல ஒரே பேரு இல்லைங்கிறாங்க.”

அவர் சொன்னது சரிதான். பிறப்புச் சான்றிதழில் முழுப் பெயர், முன்னால் தகப்பனாரின் பெயர். அடையாள அட்டையில் அதே பெயர், கடைசி எழுத்து இல்லாமல். செக்ரோலில் வீட்டில் கூப்பிடுகிற பெயர். பி காட்டில் புருஷன் பெயரின் முதலெழுத்து. போதாததற்கு ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். 32 வருடம் அதே மலை, அதே லயம், அதே மனுஷி. காகிதத்தில் மட்டும் நான்கு பேர்.

அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோது ஒரு விஷயம் என்னை உறுத்தியது. நான் இந்த வேலைக்கு வந்து 11 வருடம். இந்தப் 11 வருடத்தில் அவருடைய தோட்டத்துக்கு எத்தனை தடவை போயிருப்பேன்! கிலோ கணக்கு பேசியிருக்கிறேன், அரைப்பேர் போட்டதற்குச் சண்டை பிடித்திருக்கிறேன், தீபாவளி முற்பணத்துக்காகத் துரையின் பங்களா வாசலில் நின்றிருக்கிறேன். ஒரு நாளாவது “அக்கா, உங்கள் பி காட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள்” என்று கேட்டேனா? கேட்கவில்லை. இந்தக் கட்டுரையில் கம்பனியையும் அரசாங்கத்தையும் குறை சொல்லப்போகிறேன். அதற்கு முன் நம் சங்கக்காரர்களின் குறையைச் சொல்லிவிடுவது நியாயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள், தொழில் வழங்குநர் 12 வீதம் சேர்த்துப் போட வேண்டும். அடுத்து ஈ.ரி.எப்., அதாவது ஊழியர் நம்பிக்கை நிதியம், 1980 ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குரிய 3 வீதம் முழுவதும் தொழில் வழங்குநரின் பொறுப்பு. அதற்காக நம் சம்பளத்தில் ஒரு சதம்கூட வெட்ட முடியாது. மூன்றாவது பணிக்கொடை, நம் ஆட்கள் சொல்கிற சர்வீஸ் காசு. அது 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் வேலை செய்திருந்தால், நாட்சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். சில தோட்டங்களில் பங்களிப்பு ஈ.பி.எப்.புக்குப் போகாமல் ஈ.எஸ்.பி.எஸ். என்ற தனிச் சேமலாபச் சங்கத்துக்குப் போகிறது. உங்கள் காசு இரண்டில் எங்கே போகிறது என்பதைச் சம்பளச் சீட்டில் பார்த்து வையுங்கள். ஓய்வு பெறுகிற அன்றுதான் அதைத் தெரிந்துகொண்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த மூன்றில் எதுவும் தர்மப் பணம் இல்லை. பனியிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் நாம் ஏற்கனவே உழைத்துவிட்ட சம்பளம். கைக்கு வராமல் வேறொருவர் கையில் நிற்கிறது, அவ்வளவுதான். அரசாங்க உத்தியோகத்தருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வரும். அவர் கண்ணை மூடினால் மனைவிக்கும் வரும். நமக்கு மாதப் பணம் கிடையாது. ஒரே ஒரு தடவை, மொத்தமாக. அதற்குப் பிறகு 70 வயதில் முதியோர் கொடுப்பனவுப் பட்டியலில் பேர் வந்தால் உண்டு. அதனால்தான் அந்த ஒரு தடவை வருகிற காசில் பிழை நேரக்கூடாது என்கிறேன்.

பிழை எங்கே தொடங்குகிறது? சம்பளப் பேச்சு மேசையிலேயே தொடங்குகிறது.

2016 ஒக்டோபர் கூட்டு ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? “730 ரூபா வாங்கிக் கொடுத்தோம்” என்று எல்லாச் சங்கமும் போஸ்டர் ஒட்டியது. பிரித்துப் பாருங்கள்: அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. சேமலாப நிதிக்குக் கணக்கு அந்த 500 மட்டும். 500 இல் 20 வீதம் 100 ரூபா. முழு 730 இலும் கணக்கிட்டிருந்தால் 146. ஒரு பேருக்கு 46 ரூபா குறைவு. அதில் 18 ரூபா 40 சதம் நம் கையிலிருந்து போக வேண்டியது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். மிச்சம் 27 ரூபா 60 சதம் கம்பனி போட வேண்டியது. மாதம் 20 பேர் என்றால் நம் கணக்கில் 920 ரூபா சேராமல் போனது. அந்தக் காசுக்கு அதற்குப் பிறகு வந்திருக்க வேண்டிய வட்டியும் சேரவில்லை.

சர்வீஸ் காசைப் பாருங்கள், அங்கே அடி இன்னும் பலம். அதைக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில்தான் கணக்கிடுவார்கள். 30 வருடம் முடித்த ஒருவருக்கு 500 ரூபாவில் கணக்குப் போட்டால் 2 இலட்சத்துப் 10 ஆயிரம். 730 இல் போட்டால் 3 இலட்சத்து 6 ஆயிரத்து 600. வித்தியாசம் 96,600 ரூபா. அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தின் கடன் முழுவதையும் அடைக்கப் போதுமான தொகை. அதை யாரும் திருடவில்லை. சம்பளத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்ததிலேயே அது போய்விட்டது.

2019 ஜனவரியில் அடிப்படை 700 ஆனபோது 140 உம் 60 உம் மறைந்துவிட்டன. மொத்தம் 750. “இருபது ரூபாதானா கூடியது?” என்று கோபப்பட்டோம். கோபம் நியாயமானதுதான். ஆனால் ஓய்வுகாலக் கணக்கில் பார்த்தால் 500 க்குப் பதில் 700 இல் கணக்கு நடந்தது. ஒரு பேருக்கு 100 ரூபா சேர்ந்த இடத்தில் 140 சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தை நான் புகழவில்லை. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படவும் கோபப்படவும் பழகிவிட்டோம், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

2024 இல் 1,700 என்று வர்த்தமானி வந்தபோதும் அதில் 350 ரூபா உற்பத்திக் கொடுப்பனவு என்று தனியாக நின்றது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் செப்டெம்பரில் சம்பளச் சபையினூடாக உறுதியானது 1,350. இப்போது 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்று அறிவித்திருக்கிறார்கள். அதிலும் 1,550 சம்பளம், 200 ரூபா வருகைக்காக அரசாங்கம் கொடுப்பது. இருநூறு ரூபா வேண்டாம் என்று சொல்ல நமக்கு வசதி இல்லை. ஆனால் அது எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது, அதற்குச் சேமலாப நிதி உண்டா, சர்வீஸ் காசில் சேருமா என்று அறிவித்த அன்றே நாம் கேட்டிருக்க வேண்டும். 200 ரூபாவின் 20 வீதம் 40 ரூபா. மாதம் 20 நாள் என்றால் 800 ரூபா. இருபது வயதில் பேர் பதிகிற பிள்ளைக்கு அது 35 வருடத்துக் கணக்கு.

என் கருத்து இது: இனி எந்தப் பேச்சுவார்த்தையிலும் நம் முதல் கேள்வி “நாளுக்கு எவ்வளவு?” என்று மட்டும் இருக்கக்கூடாது. “அதில் எவ்வளவுக்கு ஈ.பி.எப்.?” என்பதும் அதே மூச்சில் வர வேண்டும். நம் சங்கத் தலைமைக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

கைக்காசு வேறொரு ஓட்டை. ஞாயிற்றுக்கிழமையும் பின்னேரமும் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தால் அன்றைக்கே நோட்டு கைக்கு வருகிறது, வீட்டில் அரிசி வருகிறது. அதை எடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சில தோட்டங்களில் கிழமை நாளிலேயே பேர் குறைத்து, மிச்சத்தைக் கைக்காசாக்குகிறார்கள். நிரந்தரம், தற்காலிகம், துண்டு வேலை என்று எந்தப் பெயரில் வேலை வாங்கினாலும் சேமலாப நிதிச் சட்டம் பொருந்தும். பேர் பதிந்த ஆளுக்கு மட்டும்தான் ஈ.பி.எப். என்று கணக்கப்பிள்ளை சொன்னால் நம்பாதீர்கள். இன்னொரு பக்கம், மலையைப் பங்கு போட்டுக் குடும்பத்துக்குக் கொடுத்து, கொழுந்தைக் கிலோவுக்கு வாங்கிக்கொள்கிற முறை பரவுகிறது. சில குடும்பங்களுக்கு மாத வருமானம் கூடுவதும் உண்மை. ஆனால் அங்கே நாம் தொழிலாளி இல்லை, கொழுந்து விற்கிறவர். பேர் இல்லையென்றால் 12 வீதமும் இல்லை, 3 வீதமும் இல்லை, சர்வீஸ் காசும் இல்லை. கையெழுத்துப் போடுமுன் அந்த இழப்பையும் கிலோ விலையோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

சம்பளத்தில் வெட்டியாயிற்று. போய்ச் சேர்கிறதா? சட்டப்படி ஒரு மாதத்துப் பங்களிப்பு அடுத்த மாதம் முடிவதற்குள் நிதியத்துக்குப் போக வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம். பத்து நாள் வரை 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 வீதம் வரை போகும். கட்டாத தொழில் வழங்குநர் மீது தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்தில் சான்றிதழ் தாக்கல் செய்து அறவிடலாம். வேலையை விட்டு 30 நாளுக்குள் சர்வீஸ் காசு கொடுக்க வேண்டும், தாமதத்துக்கு 10 முதல் 30 வீதம் வரை மேலதிகமும் கட்ட வேண்டும். சட்டத்தில் பல் இருக்கிறது. கடிக்க வேண்டிய ஆள்தான் மெதுவாக வருகிறார். அதிலும் வேடிக்கை என்னவென்றால், அரச நிர்வாகத்தில் இருக்கிற தோட்டங்களிலேயே ஈ.பி.எப்., ஈ.ரி.எப்., பணிக்கொடை நிலுவை வருடக்கணக்கில் குவிந்தது. அரசாங்கத்தின் ஒரு கை சட்டம் போடுகிறது, இன்னொரு கை கட்டாமல் இருக்கிறது.

தொழிலாளி முறைப்பாடு செய்யப் பயப்படுவது எனக்குப் புரிகிறது. லயம் தோட்டத்தினுடையது, பிள்ளைக்கு நாளைக்கு வேலை வேண்டும். அதனால்தான் தனி ஆளாகப் போக வேண்டாம் என்கிறேன். மாவட்டத் தொழில் அலுவலகத்தில் சங்கம் மூலமாகவும் முறைப்பாடு செய்யலாம். தோட்டத் தலைவர் ஆறு மாதத்துச் சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து எங்களிடம் கொடுத்தால் போதும், மிச்சத்துக்கு நாங்கள் அலைவோம்.

நிதியத்துக்குப் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்வது யார்? நிர்வாகம் தொழில் திணைக்களம், பணத்தை முதலிடுவது மத்திய வங்கி. நாட்டிலேயே மிகப் பெரிய ஓய்வுகால நிதியம் இது. அதில் நம் 8 வீதமும் கிடக்கிறது. ஆனால் எங்கே முதலிடுவது என்று முடிவெடுக்கிற மேசையில் நமக்கு நாற்காலி இல்லை. ஈ.ரி.எப். சபையில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கு இடம் வைத்தார்கள், இங்கே வைக்கவில்லை. நாற்காலி இல்லாததன் விலையை இரண்டு தடவை கண்டோம். 2015 பெப்ரவரி முறி ஏலத்தைப் பற்றி ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தபோது சேமலாப நிதியின் கொடுக்கல் வாங்கல்களும் விசாரணைக்கு வந்தன. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகள் கையில் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. ஓய்வுகால நிதியங்களிடம்தான் முறிகளை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மாற்றாவிட்டால் 14 வீத வரி 30 வீதமாகும் என்றும் சொன்னார்கள். வங்கியைத் தொட்டால் வங்கி விழும் என்றார்கள். தொழிலாளி விழுந்தால் சத்தம் கேட்காது போலும்.

அங்கத்தவருக்கு 9 வீத வட்டி குறையாது என்று உறுதி கொடுத்தார்கள். 2023 க்கு 13 வீதம் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்திய 2022 ஐ நினைத்துப் பாருங்கள். வட்டி 9 வீதம். அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பொருட்களின் விலை முந்திய வருடத்தைவிட 69.8 வீதம் ஏறியிருந்தது. மாவும் அரிசியும் மண்ணெண்ணெயும் என்ன விலை விற்றன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்கில் தொகை கூடியது, அந்தத் தொகைக்கு வாங்கக்கூடிய அரிசி குறைந்தது. நம் 12 வீதத்தைப் பற்றிப் பேசுகிற சங்கங்கள், முதலீட்டைத் தீர்மானிக்கிற இடத்தில் தொழிலாளர் பிரதிநிதி வேண்டும் என்பதை ஒரே குரலில் கேட்க வேண்டிய காலம் இது. கொடிகளின் நிறம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இனி, காசு கைக்கு வருகிற நாளைப் பற்றி. இதைச் சொல்வதற்கு எனக்கு என் அம்மாவின் கதையை விட்டால் வேறு இல்லை.

அம்மாவுக்கு ஈ.பி.எப். வந்தபோது நான் சங்கத்தில் சேர்ந்த புதிது. காசு வங்கிக்கு வருமுன்பே செய்தி லயத்துக்கு வந்துவிட்டது. முதல் கிழமையில் கடைக்காரர் கொப்பியோடு வந்தார். இரண்டாவது கிழமை மாமா வந்தார், கொழும்பில் கடை போடப் போவதாகச் சொன்னார். மூன்றாவது கிழமை டை கட்டிய ஒரு பையன் வந்தான். ஒரு நிதி நிறுவனத்தின் பெயரைச் சொன்னான். வங்கி தருகிற வட்டியைப் போல் இரண்டு மடங்கு, மாதம் பிறந்தால் வீட்டுக்கே வரும் என்றான். நல்ல பையன், அம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு “அம்மா, அம்மா” என்று பேசினான். ஐந்து மாதம் வட்டி வந்தது. பிறகு வட்டியும் வரவில்லை, பையனும் வரவில்லை. மாமாவின் கடையும் திறக்கவில்லை. தங்கச்சியின் கல்யாணத்துக்கு நகையை அடகு வைத்தோம். அம்மா மறுபடியும் கைக்காசுக்கு மலை ஏறினார், 61 வயதில். ஒரு தடவையும் யாரையும் திட்டவில்லை. “படிச்ச புள்ள சொன்னா நம்பத்தானே வேணும்” என்றார். அந்தப் பையனைத்தான் சொன்னார் என்று நினைத்தேன். வீட்டில் படித்த பிள்ளை நான்தான். நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

நம் லயத்துக்கு ஆலோசகர் என்று யாரும் வருவதில்லை. வருகிறவர் எல்லாரும் எதையாவது விற்க வருகிறவர். கமிஷன் வாங்குகிறவர் சொல்வதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “தம்பி, நான் இதில் காசு போட்டால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?” அந்தக் கேள்விக்கு முகம் மாறினால் பிளேன்டீயோடு அனுப்பிவிடுங்கள்.

மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகள் எவை என்று பட்டியல் இருக்கிறது. படித்த பிள்ளைகள் போனிலேயே பார்த்துச் சொல்லலாம். அந்தப் பட்டியலில் இல்லாத இடத்தில் ஒரு சதமும் வைக்காதீர்கள். பட்டியலில் உள்ள நிறுவனம் விழுந்தால்கூட வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை பாதுகாப்பு உண்டு. ஆள் சேர்த்தால் காசு, அவர் ஆள் சேர்த்தால் இன்னும் காசு என்று சொல்கிற பிரமிட் வியாபாரம் நம் நாட்டில் சட்டவிரோதம். அதைச் சொல்லிக்கொண்டு வருகிறவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் சட்டவிரோதம்தான்.

நிலையான வைப்பில் போட்டால் எவ்வளவு வரும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 5 இலட்சம் வைத்து 8 வீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 3,333 ரூபா. அதில் ஒரு குடும்பம் நடக்காது. மருந்துக்கும் சீனிக்கும் ஆகும். ஆனால் முதல் அங்கேயே இருக்கும், கையேந்த வேண்டியதில்லை. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே இருப்பவர் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். நம்மில் யாருக்கும் 18 இலட்சம் வருமானம் இல்லை. ஆகவே வங்கியில் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், அவர்களாகக் கொடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

பிள்ளையின் கல்யாணத்துக்குச் செலவழிக்காதே, வீட்டைத் திருத்தாதே என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அது உங்கள் காசு, உங்கள் பிள்ளை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: காசு வந்து மூன்று மாதம் வரை பெரிய முடிவு எதுவும் எடுக்காமல் வங்கியிலேயே கிடக்க விடுங்கள். கேட்டு வருகிறவர்களிடம் சங்கத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். பழி எங்கள் மேல் விழட்டும், நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

ஓய்வுக்கு முன்னரே எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பத்து வருடம் பங்களிப்பு இருந்து, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் எடுக்கலாம். வைத்தியத்துக்கு என்றால் யோசிக்காதீர்கள். வீட்டுக்கு என்றால் காணி ஆவணம் கேட்பார்கள். இருநூறு வருடமாக லயத்தில் இருக்கிறவருக்கு உறுதி எங்கே இருக்கிறது? காணி உரிமைப் போராட்டமும் சேமலாப நிதியும் வேறு வேறு விஷயம் என்று நினைக்கிறவர்கள் இந்த விண்ணப்பப் படிவத்தை ஒரு தடவை வாசிக்க வேண்டும். ஈ.ரி.எப்.பில் இருதய சத்திரசிகிச்சை, கண் வில்லை, ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் சித்தியடைந்த பிள்ளைகளுக்கான உதவி எல்லாம் உண்டு. கேட்காததனாலேயே கிடைக்காமல் போகிற காசு அது.

அந்த அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்தோம். கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்கினோம். பழைய செக்ரோல் பதிவைத் தேடித் தரும்படி தோட்ட ஆபிசுக்கு எழுதினோம். அதற்கு மட்டும் 19 நாள் ஆனது. கிளாக்கர் ஐயாவையும் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பழைய புத்தகங்களைக் கரையான் பாதி தின்றுவிட்டது. இத்தனையும் வேலையில் இருக்கும்போதே செய்திருந்தால் ஒரு வாரத்து வேலை. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 என்று வயதை எதிர்பார்த்து நிற்காமல், நாற்பதிலேயே செய்து முடிக்க வேண்டியது. இன்னொன்று: பின்னுரித்தாளர் என்று யாருடைய பெயரைப் போட்டிருக்கிறீர்கள்? கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்கள் பலர் அம்மாவின் பெயரைக் கொடுத்திருப்பார்கள். அம்மா காலமாகிப் பத்து வருடமாகியிருக்கும், காகிதத்தில் அவர்தான் இருப்பார்.

அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு டிவிஷனிலும் சந்தாக் கூட்டத்தோடு இந்தப் பார்வையிடலையும் நடத்தும்படி நம் மாவட்டக் கமிட்டியில் பிரேரணை வைத்திருக்கிறேன். மாதர் சங்கத் தலைவிகள் இருவர் ஆதரித்திருக்கிறார்கள். முடிவாகும் வரை காத்திருக்க வேண்டாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பி காட், கடைசி மூன்று மாதத்துச் சம்பளச் சீட்டு, கணக்குக் கூற்று இருந்தால் அதுவும். கணக்குக் கூற்றைக் கண்ணிலேயே காணாதவர்கள் தோட்ட ஆபிசில் கேளுங்கள், அங்கேதான் அனுப்புகிறார்கள். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் காலை எட்டு மணியிலிருந்து நான் காரியாலயத்தில் இருப்பேன். மழைக் காலம், காகிதங்களைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

அக்காவின் விண்ணப்பம் மூன்றாவது தடவையாகப் போன வெள்ளிக்கிழமை தொழில் அலுவலகத்தில் கொடுக்கப்பட்டது. இந்தத் தடவை ரசீது தந்திருக்கிறார்கள்.